வெளுத்த ரிசீவர்

எங்கள் ஆலைக்குப் பேய் வந்த நேரம் மத்தியானம் இரண்டு பத்து. பேய் என்றால் இருட்டில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? வெளியே பளீரென்று வெயில். நான் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹாலுக்குள் வந்து நின்று ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது ரிசீவருக்குள் வந்தது.

ரிசீவர் ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. ஆள் உயரத்துக்கு மூடிய எஃகுப் பானை, அவ்வளவுதான். ஒரு பக்கம் பம்பு அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் அது ஃபில்டரின் அடிவயிற்றோடு குழாயால் இணைந்திருக்கும். மருந்தும் திரவமும் கலந்த கூழை ஃபில்டரில் ஊற்றினால், ரிசீவரில் இருக்கிற வெற்றிடம் திரவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மருந்துப் பொடி ஃபில்டர் துணிமேல் தங்கிவிடும். இழுபட்டு வருகிற வடிநீருக்கு எங்கள் பாஷையில் எம்.எல். என்று பெயர். அதில் கொஞ்சம் மருந்து கரைந்திருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ரிசீவரின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அதன் வழியே பார்த்தால் எம்.எல். பன்னீர் மாதிரித் தெளிவாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம், எந்த மருந்துக்கும் ஒருநாளும் அது மாறியதில்லை.

அன்றைக்கு என் கண்ணெதிரே மாறியது. முதலில் நடுவில் ஒரு நூல் இழை தெரிந்தது. பிறகு அதிலிருந்து ஊசி ஊசியாகக் கிளை விட்டது. நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் கண்ணாடி முழுவதும் வெள்ளை.

"அக்கா, பாலு ஊத்துன மாதிரி ஆவுது" என்றாள் அஞ்சலாட்சி. ஃபில்டர் ஆபரேட்டர். எதற்கும் அசராத பெண். அவளே இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

நான் ஷிப்ட் கெமிஸ்ட். பயப்படக் கூடாது என்பதும் என் வேலையில் ஒரு பகுதி. "பம்பை நிறுத்து" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அந்த மருந்தின் பெயர் நெகிழின். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த நடுக்கக் காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கு, காய்ச்சல் போனபின் தசை இறுக ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு தாடை, கடைசியில் நெஞ்சு. தினம் ஒரு நெகிழின் மாத்திரை போட்டால் இறுகாது. போடாவிட்டால் பன்னிரண்டு நாள்வரை உடம்பு தாங்கும். அதற்குமேல் மூச்சு நிற்கும். நாட்டில் நாற்பதாயிரம் பேருக்கு இந்த நோய். அதில் ஒருவர் குணாளன், என் வீட்டுக்காரர். அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். அதனால் ரிசீவர் வெளுத்தபோது எனக்கு வந்த பயம் கெமிஸ்டின் பயம் இல்லை.

மறுநாளும் பேட்ச் வெளுத்தது. அதற்கு மறுநாளும். நான்காம் நாள் டாக்டர் சம்பந்தத்தை வரவழைத்தார்கள். படிகங்களைப் பற்றியே முப்பது வருஷம் படித்த மனுஷர். ஒல்லியான தேகம், கூச்ச சுபாவம். பெண்களோடு பேசும்போது சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

எங்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்துக் கேட்டார்: "வீட்ல தயிருக்கு எப்படி உறை ஊத்துவீங்க?"

"ஒரு சொட்டு மோர் ஊத்துவோம்" என்றாள் அஞ்சலாட்சி.

"ஒரு சொட்டு, ஒரு சட்டிப் பாலையும் மாத்திடுது. அதே கதைதான் இங்கே. நெகிழின் துகள்கள் அடுக்கா உட்காரும். அது உட்கார இன்னொரு விதமும் இருக்கு, ஊசி ஊசியா. அப்படி ஒண்ணு இருக்கிறது நேத்து வரைக்கும் யாருக்கும் தெரியாது. உலகத்துலயே முதல் ஊசி உங்க ஹால்ல எங்கேயோ பிறந்திருக்கு. இனிமே அதுல ஒரு தூசி பட்டாப் போதும், நல்ல மருந்தெல்லாம் அதே மாதிரி மாறிடும்."

"மாறினா என்ன சார்? அதுவும் நெகிழின்தானே?" என்று கேட்டேன்.

"ஊசி வடிவம் வயித்துல கரையாதும்மா. சுண்ணாம்புக்கட்டியை முழுங்கின மாதிரி அப்படியே வெளிய போயிடும். ரிசீவர்தான் நமக்கு முதல்ல சொல்லுது. ஹால்ல இருக்கிற காத்து மொத்தமும் வெற்றிடத்தோட இழுப்புல ஃபில்டர் வழியா அதுக்குள்ளதான் போகுது. காத்துல என்ன மிதக்குதோ அது ரிசீவர்ல தெரிஞ்சுடும்."

"பழையபடி ஆக்க முடியாதா?"

அவர் சுவரைப் பார்த்தார். "தயிரைத் திரும்பப் பாலாக்க முடியுமா?"

எங்கள் ஆலைக்கு அடுத்தபடியாக நெகிழின் செய்த இடம் வடக்கே ஒன்று இருந்தது. எங்கள் நிலைமையைச் சொல்லி உதவி கேட்க இங்கிருந்து நான்கு பொறியாளர்கள் போனார்கள். அவர்கள் போய் இறங்கிய மூன்றாம் நாள் அங்கேயும் ரிசீவர் வெளுத்தது. சட்டையிலோ செருப்பிலோ கொண்டுபோயிருக்கிறார்கள். அதன்பின் நாட்டில் நெகிழின் செய்ய இடமே இல்லை.

இருந்த மாத்திரையைப் பங்கு போட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வேன் வரும். ஆளுக்கு ஏழு மாத்திரை, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது; பக்கத்து வீட்டுக்கு ஒன்று கடன் கொடுத்தாலும் இருவர் பங்கும் போய்விடும். முப்பதாயிரம் பேருக்குத்தான் பங்கு இருந்தது. மற்றவர்கள் வீட்டில் மிச்சமிருந்ததை நாள் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருப்போர் பட்டியலில். பங்கு உள்ளவர் ஒருவர் இறந்தால் பட்டியலில் அடுத்தவருக்கு அது போகும். இதைச் சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் இருமினால்கூட நாலு வீட்டில் காது தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

பழைய ஹாலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். அரை மைல் தள்ளிப் புதிதாக ஒரு ஹால், புது ஃபில்டர், புது ரிசீவர். பழைய ஆட்கள்தான், புது ஆட்களுக்கு இந்த வேலை தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் ஊசியைச் சுமக்கிறாரா என்று பார்க்கச் சம்பந்தம் ஒரு சோதனை வைத்தார். டெலிபோன் பூத் அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஆள் நிற்கவேண்டும், கையை உதறவேண்டும், தலையைக் கோதவேண்டும். கூண்டின் காற்றை ஒரு சின்னக் கண்ணாடி ரிசீவருக்குள் பம்பு இழுக்கும். அதில் தெளிந்த நெகிழின் கரைசல் இருக்கும். ஐந்து நிமிஷம். தெளிவாகவே இருந்தால் வேலைக்குப் போகலாம். வெளுத்தால் அந்த ஆள் வெளியே.

சோதனையை நடத்தும் பொறுப்பு எனக்கு. தினமும் காலையில் முதல் ஆளாக நானே கூண்டுக்குள் நிற்பேன். அந்த ஐந்து நிமிஷமும் கரைசலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். நான் வெளுத்தால் என் வேலை போவதோடு முடியாது. வெளுத்தவர்களின் வீட்டுக்கு மாத்திரை தருவதில்லை என்று விதி. தந்தாலும் அங்கே அது மாறிவிடும், வீண் என்பது அவர்கள் வாதம். நான் வெளுத்தால் குணாளனுக்கு மாத்திரை கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாளும் எனக்குத் தெளிவாகவே வந்தது.

அஞ்சலாட்சிக்கு வெளுத்தது.

அவள் கூண்டுக்குள் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிஷம் கரைசலில் இழை ஓடியது. என் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"இன்னொரு வாட்டி பாருங்கக்கா" என்றாள். பார்த்தேன். இரண்டாவது முறை இரண்டே நிமிஷத்தில் வெளுத்தது.

அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் அவள் ஏறியதும் நோயாளி வீட்டுப் பெண்கள் நடத்துநரிடம் சொல்லி இறக்கிவிட்டார்கள். மளிகைக் கடையில் சாமானை வாசலில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒருநாள் அவள் வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. எறிந்தவன் யாரோ முரடன் என்று நினைத்துவிடாதீர்கள். படுத்த படுக்கையாக அம்மாவை வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றால் எனக்கும் ஒட்டிக்கொண்டால்?

அஞ்சலாட்சி போனபிறகும் புது ஹாலில் பேட்ச் வெளுத்துக்கொண்டுதான் இருந்தது. விட்டு விட்டு, ஒருநாள் தெளிவு, மறுநாள் வெள்ளை. சம்பந்தம் பம்பைச் சந்தேகித்தார், குழாயைச் சந்தேகித்தார், கூரையில் உட்கார்ந்த காக்கையைக்கூடச் சந்தேகித்தார்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. குணாளன் வெள்ளி, சனி இரண்டு நாளும் நன்றாக இருப்பார். காபி தானே போடுவார். செவ்வாய்க்கு மேல் விரல் மடங்காது. வியாழக்கிழமை நான்தான் ஊட்டவேண்டும். மாத்திரை தவறாமல் போட்டும் ஏன் இப்படி என்று டாக்டரைக் கேட்டேன். நோய் முற்றுகிறது என்றார். கிழமை பார்த்து முற்றுகிற நோய் உண்டா என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். எம்.எஸ்ஸி. படித்த மூளை வீட்டு வாசலிலேயே செருப்போடு கழன்றுவிடுகிறது போலும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அவருக்குத் தாடையும் இறுகிப்போய்ப் பேச்சு குழறியது. நான் லீவு போட்டேன். பதினொரு நாள் வீட்டிலேயே இருந்தேன்.

அந்தப் பதினொரு நாளில் புது ஹாலில் எட்டு பேட்ச் இறங்கியது. எட்டும் தெளிவு. சம்பந்தம் போன் பண்ணிச் சொன்னபோது அவர் குரலில் முதல்தடவையாகச் சிரிப்பு இருந்தது. "ஊசி செத்துடுச்சும்மா. தப்பிச்சோம்" என்றார். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். காலையில் கூண்டில் நின்றேன், தெளிவு. பதினொரு மணிக்கு ஃபில்டரைத் திறந்து கூழை ஊற்றினோம். நான் மேலே குனிந்து பார்த்தேன். கண்ணாடி முகமூடிக்குள் வேர்வை கொட்டியது. பன்னிரண்டே காலுக்கு ரிசீவர் வெளுத்தது.

ஹாலில் இருந்த ஐந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லாதபோது எட்டு பேட்சும் நன்றாக இருந்தது, நான் வந்த அன்றே போயிற்று என்று கணக்குப் போட யாருக்கும் படிப்புத் தேவையில்லை. சம்பந்தம் மட்டும், "நீங்க காலையில தெளிவுதானே வந்தீங்க. நீங்களா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பம்பைக் கழற்றச் சொன்னார்.

நான் உடைமாற்றும் அறையில் போய் உட்கார்ந்தேன். கழுத்து அரித்தது. கையை விட்டுப் பார்த்தால் பிளாஸ்திரி வேர்வையில் நனைந்து உரிந்து தொங்கியது.

அந்த அறைச் சுவரில் ஒரு படிவம் உண்டு. உள்ளே போகுமுன் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். 'நகைகள் யாவும் கழற்றப்பட்டனவா?' என்று கேட்டிருக்கும். தோடு, வளையல், மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு 'ஆம்' என்று எழுதுவோம். தாலியை நாங்கள் கழற்றியதில்லை. அதைப் பிளாஸ்திரி போட்டு நெஞ்சோடு ஒட்டிக்கொள்வோம். பொய் எழுதுகிறோம் என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை, ஏனென்றால் தாலியை நகை என்று நாங்கள் யாரும் நினைப்பதில்லை. பதினொரு வருஷமாக அப்படித்தான். சூப்பர்வைசர்களுக்கும் தெரியும். கேட்கமாட்டார்கள்.

எங்கள் தாலி மஞ்சள் கயிற்றில் கோத்தது. முறுக்கிய பருத்தி நூல். பழைய ஹாலில் பறந்த பொடியெல்லாம் அதன் முறுக்குக்குள் போயிருக்கும். குளித்தாலும் போகாது.

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அஞ்சலாட்சிக்குப் பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாது, கொப்புளம் வரும். அவள் சும்மா ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். அதனால் கூண்டில் கையை உதறியதும் வெளுத்தாள். நாங்கள் ஐந்தாறு பேரும் காலையில் புதுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்ததால் தப்பினோம். மத்தியானத்துக்குள் பிளாஸ்திரி உரிந்து பேட்சைக் கெடுத்தோம். ஆடிப்பெருக்கு அன்று எல்லாப் பெண்களும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். எட்டு பேட்ச் தெளிந்தது.

நான் மாற்றவில்லை. அவர் தாடை இறுகிக் கிடந்தார். அந்த நிலையில் அரை நிமிஷம்கூடக் கழுத்திலிருந்து அதை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. எடுத்த அந்த நொடியில் ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள்தான். பயத்துக்குப் படிப்பு தெரியுமா?

எழுந்து கண்ணாடிக் கூண்டுக்குப் போனேன். ரிசீவரில் புதுக் கரைசல் ஊற்றி, பம்பைப் போட்டுவிட்டு உள்ளே நின்றேன். பிளாஸ்திரியைப் பிய்த்துக் கயிற்றை வெளியே எடுத்து இரண்டு விரலால் லேசாகத் தேய்த்தேன். நாற்பது விநாடி. மணியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாற்பதாவது விநாடியில் ரிசீவர் சுண்ணாம்பாக வெளுத்தது.

அப்போதுதான் கடைசியாக ஒன்று தோன்றியது. அது தோன்றியதும் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேன் வந்ததும் ஏழு மாத்திரையையும் உறையிலிருந்து பிரித்து, ஏழு அறை கொண்ட டப்பாவில் போட்டுவைப்பேன். அவர் விரலால் உறையைப் பிரிக்க முடியாது, அதற்காக. போடுமுன் ஏழையும் உள்ளங்கையில் வைத்துத் தாலியில் ஒற்றி, கண்ணில் ஒற்றிக் கும்பிடுவேன். ஒவ்வொரு வாரமும். வெள்ளியும் சனியும் மாத்திரை மாத்திரையாகவே இருந்திருக்கிறது. எங்கள் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஞாயிறு முதல் மொத்தமும் ஊசியாக மாறியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் என் கையால் அவருக்குச் சுண்ணாம்பு கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இது எனக்குத் தோணியிருக்கணும். நான் பார்த்தேன்மா, ஒரு தடவை அந்த அஞ்சலாட்சி கழுத்துல மஞ்சளா தெரிஞ்சுது. பொம்பளைங்ககிட்ட அதைப் போய் எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப நான் வெளுத்தவளா சார்? அவருக்கு மாத்திரையை நிறுத்திடுவீங்களா?"

"இல்லம்மா. உடம்புல இல்ல, கயித்துலதான் இருக்கு. கயித்தை எடுத்துட்டு, தலைக்குக் குளிச்சு, வீட்டை அலசிவிட்டா நீங்க சுத்தம். வெளுத்தவங்க பட்டியலையே இன்னிக்கு ரத்து பண்ணச் சொல்றேன். டப்பாவுல மிச்சம் இருக்கிற மாத்திரையைத் தூக்கிப் போடுங்க."

"அப்ப வெள்ளி வரைக்கும் அவருக்கு?"

"உபரியா ஒரு மாத்திரைகூட என் கையில இல்ல. நம்ம பொடி வெளியூர்ல மாத்திரையாகித் திரும்ப மூணு வாரம் ஆகும். கடைசியா நல்ல மாத்திரை எப்ப போட்டார், சனிக்கிழமையா? பன்னிரண்டு நாள் தாங்கும். வெள்ளிக்கு ஆறு நாள்தானே ஆகுது. பயப்படாதீங்க."

நேரே வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ஈரத் துண்டால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் வெளிய நிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. தாடை இறுக்கத்தில் அவருக்கு வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"சரி, அதை எடுத்துடு."

"பயமா இருக்குங்க."

"கட்டும்போது முதல் முடிச்சுதான் நான் போட்டேன். மத்த ரெண்டும் எங்கக்கா போட்டது. அவளைக் கேட்டுத்தான் அவுக்கணும்னா, திருக்கோவிலூருக்குப் போன் போடு" என்றார். சிரிக்க முயன்றார், ஒரு பக்கம்தான் அசைந்தது. "என் விரல் மடங்குனா நானே அவுத்திருப்பேன் கோதை. கயிறு போனா போவட்டும். நான் இருக்கேன்ல?"

ஆய்வகத்துக்குத் திரும்பி, கூண்டுக்குள் நின்று, கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினேன். கல்யாணமான ஒன்பது வருஷத்துப் பாரம் ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை. தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டு மறுபடி நின்றேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ரிசீவர் பன்னீர் மாதிரி இருந்தது. இனி ஹால் பெண்களுக்குப் புதுக் கயிறும் கூடாது என்று உத்தரவு வந்து, செவ்வாய்க்கிழமை மற்ற பெண்களும் கழற்றினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி வேலையே வேண்டாம் என்று போய்விட்டாள். அஞ்சலாட்சியைக் கூப்பிட ஜீப் போனது. வந்தவள் என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கழட்டியிருப்பேன்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

புதன்கிழமை வீட்டைச் சுத்தம் செய்தேன். அவரைப் பின்கட்டு அறையில் புதுப்பாயில் படுக்கவைத்தேன். கட்டிலை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்தேன். அவருடைய சட்டை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் கொல்லையில் கொதிநீரில் போட்டேன். பழைய பாயையும் தலையணையையும் மாத்திரை டப்பாவையும் வாசலில் போட்டுக் கொளுத்தினேன். முன்னறையைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அலசினேன். தலைமுடி அவிழ்ந்து தொங்க, தொப்பலாக நனைந்து நின்றபோது வாசலில் வேன் அலுவலர் பக்கிரிசாமி வந்தார். வாரம் ஒருமுறை பயனாளி வீடுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அவர் வேலை. நெய்வேலிப் பக்கத்து மனுஷர். மரியாதை தெரிந்தவர்.

அவர் எரிகிற பாயைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாவம், வேலை நேரத்தில் தொந்தரவு செய்யவேண்டாம் என்று நினைத்தார் போல என்று நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து வாசலில் நின்றேன். புது டப்பா கழுவிக் காயவைத்து ஜன்னலில் இருந்தது. குணாளனுக்கு விரல் எதுவும் மடங்கவில்லை, முழங்கை இறுக ஆரம்பித்திருந்தது. ஆனால் ஆறாம் நாள்தானே, இன்றைக்குப் போட்டால் நாளைக்கு இளகிவிடும். அந்த ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது.

பத்து மணிக்கு வேன் வந்தது. மூன்றாவது வீட்டில் நின்றது. பிறகு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது.

ஓட்டுநர் மறந்துவிட்டான் என்று நினைத்து, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருமுனையில் நின்றது. பக்கிரிசாமி இறங்கி என்கூட வீட்டு வாசல்வரை நடந்தே வந்தார். வாசலுக்கு வந்ததும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்க வீட்டுப் பங்கு மாறிடுச்சும்மா."

"எங்கே மாறுச்சு?"

"பட்டியல்ல அடுத்து இருந்தவருக்கு. காலையிலதான் கொடுத்துட்டு வரேன். வாங்கின கையோட என் எதிர்லயே ஒண்ணை முழுங்கிட்டாரு. பத்து நாளா மாத்திரையே இல்லாம அலைஞ்சவரு."

"அவருக்குக் கொடுத்தா எங்க வீட்டுக்காரருக்கு?"

பக்கிரிசாமியின் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"புதன்கிழமை வந்தேனேம்மா. வீட்டை அலசிவிட்டிருந்தீங்க. பாய் எரிஞ்சுகிட்டிருந்துது. உங்க கழுத்து..." அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "உங்ககிட்ட அதைப் போய் எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். கண்ணால பார்த்ததை எழுதிக் கொடுத்துட்டேன்."

"அவரு உள்ள இருக்காருங்க" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் மெதுவாக. "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தோணும். என் தங்கச்சிக்கும் அப்படித்தான் இருந்துது. கூட யாரும் இல்லையாம்மா? யாரையாவது கூப்பிடட்டுமா?"

அப்போது பின்கட்டு அறையிலிருந்து குரல் வந்தது. தாடை இறுகியிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஆனால் தெளிவாகக் கேட்டது.

"யாரு கோதை, வேன்காரரா? வெயில்ல நிக்கவைக்காத. உள்ள வரச்சொல்லு."

பக்கிரிசாமியின் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் உள்ளே வந்தார். குணாளன் பாயில் படுத்தபடி அவரைப் பார்த்துக் கும்பிடப் பார்த்தார். கைகள் பாதியிலேயே நின்றன.

"மன்னிச்சுடுங்க" என்றார் பக்கிரிசாமி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "இன்னிக்கே மேல எழுதிடுறேன். டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். பேரைத் திரும்பச் சேர்த்துடுவாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம் வந்துடும். நிச்சயம்."

நான் விரல்விட்டு எண்ணினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று சொல்லிச் சொல்லி எண்ணினேன். தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் எண்ணினேன். அடுத்த வெள்ளி, பதின்மூன்றாம் நாள்.